பத்து வெள்ளிக்குப் பறக்கும் விமானம்

நம்பர் கடையில் ‘பிக்’ ஒரு வெள்ளிக்கு எடுத்தால், சராசரியாக அதில் 36 சென் நம்மை விட்டுப் போகிறது. நான்கு இலக்க எண்கள் மொத்தம் பத்தாயிரம். முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. சிறப்புப் பரிசு பத்து, தலா 180. ஆறுதல் பரிசு பத்து, தலா 60. கூட்டிப் பாருங்கள்: 6,400 வருகிறது. எல்லா எண்ணையும் ஒருவரே வாங்கினாலும் பத்தாயிரம் கட்டி 6,400 தான் கையில் வாங்குவார். இதைத்தான் நம் தாத்தாக்கள் காலந்தொட்டு, கனவில் வந்த எண்ணையும் விபத்தில் சிக்கிய காரின் நம்பரையும் நம்பி எடுத்து வருகிறோம்.

இப்போது கைப்பேசியில் ஓடும் விமான ஆட்டத்தில் வெள்ளிக்கு 3 சென் மட்டுமே போகிறது. நம்பர் கடையோடு ஒப்பிட்டால் தர்மசத்திரம் போலத் தெரியும். ஆனால் ஒரு மாதச் சம்பளத்தை ஓர் இரவில் துடைத்தெடுக்கக் கூடியது இந்த இரண்டாவதுதான். 36 சென் எடுப்பதைவிட 3 சென் எடுப்பது எப்படிப் பெரிய ஆபத்தாகிறது என்பது புரிந்துவிட்டால், மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தம்பின் எல்லையிலுள்ள பூலாவ் செபாங் வரை நம் பிள்ளைகளைச் சுற்றி நடப்பது முக்கால்வாசி புரிந்துவிடும்.

ஆட்டம் இவ்வளவுதான். திரையில் ஒரு சிறு விமானம் கிளம்புகிறது. கூடவே ஓர் எண் 1.00 இலிருந்து ஏறுகிறது: 1.20, 1.75, 2.40. முதலில் மெதுவாக, பிறகு விறுவிறுவென்று. விமானம் மறைவதற்கு முன் பொத்தானை அழுத்தினால், கட்டிய பணம் அந்த மடங்கில் திரும்பும். அழுத்துவதற்குள் விமானம் போய்விட்டால் கட்டியது முழுவதும் போச்சு. இந்த வகை ஆட்டம் 2014 வாக்கில் பிட்காயின் சூதாட்டத் தளங்களில் தோன்றியது. ஜார்ஜியா நாட்டைச் சேர்ந்த ஸ்பிரைப் என்ற நிறுவனம் 2019இல் வெளியிட்ட ‘ஏவியேட்டர்’ அதை உலகெங்கும் கொண்டு போயிற்று. விமானத்துக்குப் பதில் ராக்கெட், கார் என்று வைத்த நகல்கள் இன்று எத்தனையோ.

விமானம் எந்த எண்ணில் மறையும் என்பது அது கிளம்பும்போதே முடிவாகிவிடுகிறது. நாம் பார்ப்பது முன்பே எழுதப்பட்ட முடிவு மெல்லத் திறக்கும் காட்சியை. அந்த முடிவு வரும் விகிதமும் தெரிந்ததே. நூற்றுக்கு 97 திருப்பித் தரும் ஆட்டத்தில், நூறு சுற்றில் ஏறத்தாழ மூன்று சுற்று கிளம்பிய இடத்திலேயே முடியும். இரண்டு மடங்கைத் தொடுவது 48 அல்லது 49 சுற்று. பத்து மடங்கைத் தொடுவது பத்துக்கும் சற்றுக் குறைவு. நூறு மடங்கைத் தொடுவது சுமார் ஒன்று.

இனி ஒருவர் சுற்றுக்கு ஒரு வெள்ளி என்று நூறு சுற்று ஆடுகிறார் என்று வையுங்கள். எப்போதும் இரண்டு மடங்கில் எடுத்தால் சராசரியாக 48.5 தடவை வென்று 97 வெள்ளி பெறுவார். பத்து மடங்கு வரை காத்திருந்தால் 9.7 தடவை வென்று அதே 97. நூறு மடங்குக்குத் துணிந்தாலும் 97தான். பயந்தவனுக்கும் துணிந்தவனுக்கும், விரைந்து அழுத்துபவனுக்கும் பொறுத்திருப்பவனுக்கும் ஒரே பங்கு. எப்போது அழுத்துவது என்ற முடிவு நம்முடைய ஏற்ற இறக்கத்தை மாற்றும். நம் நட்டத்தின் விகிதத்தை ஒரு சென்கூட மாற்றாது. இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் ‘டெக்னிக்’ பேசும் எவருடைய பேச்சையும் நம்பாதீர்கள்.

ஆனால் கை அழுத்துகிறது, மனம் ‘நான்தான் முடிவெடுத்தேன்’ என்கிறது. எலன் லாங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1975லேயே இதை ஆராய்ந்து காட்டினார்: வெறும் அதிர்ஷ்டத்தில் நடப்பதிலும், தேர்ந்தெடுக்க ஒரு வாய்ப்பைக் கொடுத்துவிட்டால் மனிதர்கள் அது தங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதாக நம்பத் தொடங்குகிறார்கள். நம்பர் எடுத்தவன் தோற்றால் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்வான். விமான ஆட்டத்தில் தோற்றவன் தன்னையே நொந்துகொள்கிறான்: ‘1.8இல் எடுத்திருக்கலாம், பேராசைப்பட்டுவிட்டேன், அடுத்த தடவை சரியாக எடுப்பேன்.’ வென்றவனும் நிம்மதியாக இருப்பதில்லை. அவன் 1.5இல் எடுத்த பிறகு விமானம் 20 மடங்கு வரை போவதைத் திரை அவனுக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு பேருமே அடுத்த சுற்றுக்கு வருகிறார்கள்.

அடுத்த சுற்று எப்போது? இங்கேதான் 3 சென்னின் உண்மையான விலை இருக்கிறது. நம்பர் குலுக்கல் வாரத்தில் புதன், சனி, ஞாயிறு. சில சமயம் சிறப்புக் குலுக்கலாகச் செவ்வாய். ஒரு தடவைக்குப் பத்து வெள்ளி என்று வாரம் முப்பது வெள்ளிக்கு எடுப்பவருக்குச் சராசரி நட்டம் 10 வெள்ளி 80 சென். விமான ஆட்டத்தில் ஒரு சுற்று அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மணிக்கு 150 சுற்று என்றே வைப்போம். சுற்றுக்கு ஐந்து வெள்ளி கட்டினால் ஒரு மணி நேரத்தில் 750 வெள்ளி கைமாறுகிறது. அதில் 3 விழுக்காடு 22 வெள்ளி 50 சென். நம்பர் எடுப்பவரின் இரண்டு வார நட்டம் இவருக்கு ஒரு மணி நேரத்தில். ஒரே சமயத்தில் இரண்டு பந்தயம் கட்டவும் ‘ஏவியேட்டர்’ இடம் தருகிறது. அப்போது மணிக்கு 45 வெள்ளி. இது சராசரி மட்டும். சிலர் சில இரவுகளில் நிஜமாகவே வெல்கிறார்கள். அந்த வெற்றிதான் அவர்களை மறுநாள் திரும்பக் கொண்டுவருகிறது.

சராசரியைவிடக் கொடியது இரட்டிப்பு முறை. ‘தோற்றால் இரண்டு மடங்கு கட்டு, ஒரு தடவை வென்றால் எல்லாம் திரும்பிவிடும்’ என்ற யோசனை எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. ஐந்து வெள்ளியில் தொடங்கி 10, 20, 40, 80, 160, 320. ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் போனது 635 வெள்ளி. எட்டாவதுக்கு இன்னும் 640 வேண்டும். ஏழு தடவை தொடர்ந்து தோற்பதா, நடக்கிற காரியமா என்று தோன்றும். இரண்டு மடங்கில் எடுப்பவருக்கு, புதிதாக ஐந்து வெள்ளியில் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அது நூற்றில் ஒன்று என்ற அளவில் காத்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் அப்படி எழுபது தடவைக்கு மேல் தொடங்கிவிடுவார். ஆக, ஒரு மணி நேர ஆட்டத்தில் இந்தச் சரிவில் விழும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஏழு சுற்றில், இரண்டு மூன்று நிமிடத்தில்.

‘ஆட்டத்தில் மோசடி இல்லை, கணக்கை நீங்களே சரிபார்க்கலாம்’ என்று முறையான தளங்கள் சொல்கின்றன. அது பொய்யில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவும், தளத்தின் கணினி முன்கூட்டியே பூட்டி வைத்த ஒரு இரகசியக் குறியீட்டையும், முதலில் பந்தயம் கட்டும் மூன்று பேரின் குறியீட்டையும் சேர்த்து உருவாக்கப்படுகிறது. சுற்று முடிந்த பிறகு அதைச் சரிபார்க்க முடியும். முடிவதற்கு முன் யாராலும் கணிக்க முடியாது. அதனால்தான் டெலிகிராமில் ஐம்பது வெள்ளிக்கு விற்கும் ‘சிக்னல்’, ‘பிரெடிக்டர்’ எல்லாம் முழு ஏமாற்று. முந்தைய சுற்றுகளின் எண்கள் திரையின் மேலே வரிசையாக ஓடுவதைப் பார்த்து, ‘நாலு தடவை சீக்கிரம் விழுந்துவிட்டது, இனிப் பெரிதாக வரும்’ என்று சொல்பவரும் கனவு எண்ணைத் தேடியவரின் பேரப்பிள்ளைதான். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: நேர்மையாக நடக்கும் ஆட்டத்திலேயே மேலே போட்ட கணக்கு நம்மைத் தோற்கடிக்கிறது. நம் ஊர் ஏஜெண்டு வாட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பின் பின்னே இருப்பது அசலா, நகலா என்பதே தெரியாது. நகல் என்றால் 97 என்ற எண்ணும் வெறும் நம்பிக்கைதான்.

இந்த ஆட்டம் நம் தோட்டப்புறத்து வீடுகளை ஏன் இவ்வளவு எளிதாகப் பிடிக்கிறது என்று யோசிக்க வேண்டும். லயங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் இன்று தாமான்களில் இருக்கின்றன. பால் மரமும் செம்பனையும் பார்த்த கைகளின் பிள்ளைகள் பத்து பெரெண்டாம், ஆயர் குரோ, பெகோ தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போகிறார்கள். இரவு ஷிஃப்டு. ஓய்வு நேரம் துண்டு துண்டாக, கைப்பேசியோடு மட்டும். சம்பளம் கையில் வருவதில்லை, கணக்கில் விழுகிறது. விழுந்த நிமிடமே டுயிட்நவ் வழியாக வேறு கணக்குக்குப் போக முடியும். அக்காலத்தில் தோட்டத்துக் கள்ளுக்கடைக்குப் போனவரை ஊரே பார்த்தது. மனைவி போய் அழைத்து வர முடிந்தது. நம்பர் கடையும் 21 வயதுக்குக் கீழ் உள்ளவரை உள்ளே விடக் கூடாது. இந்த ஆட்டத்துக்குக் கதவு இல்லை, மூடும் நேரம் இல்லை, வயது கேட்பார் இல்லை. ஒரே படுக்கையில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாமல் ஒரு வீட்டின் சேமிப்பு கரையலாம்.

பல தளங்களில் பத்து வெள்ளி இருந்தால் டாப்-அப் செய்யலாம். அந்தத் தொகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1960 நினைவுக்கு வருகிறது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டி நூறு வெள்ளிப் பங்கு சேருங்கள் என்று கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். பால் வெட்டியவர்களின் பத்துப் பத்து வெள்ளி சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது. அன்றைய பத்து வெள்ளி இன்றையதைவிடப் பல மடங்கு கனமானது. அதைக் கொடுக்க அவர்களால் முடிந்ததென்றால், அந்தப் பணம் எங்கே போகிறது என்பது கொடுத்தவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரிந்திருந்ததால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் கிடையாது. பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டமும் பந்தயச் சட்டமும் 1953இல் எழுதப்பட்டவை. மேசையும் சீட்டுக்கட்டும் உள்ள அறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தொடர்பு, பல்லூடக ஆணையம் தளங்களை முடக்குகிறது. மறுநாள் வேறு முகவரியில் அதே தளம் எழுகிறது. இந்தச் சட்டங்களைப் புதுப்பிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஆடுபவர் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொரு சட்டம்: 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 26ஆம் பிரிவு. சூதாட்ட ஒப்பந்தம் செல்லாது. அதில் வென்ற பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. ஐயாயிரம் வெள்ளி வென்றதாகத் திரை காட்டி, எடுக்கப் போகும்போது ‘இன்னும் 500 கட்டு, கணக்கைச் சரிபார்க்க வேண்டும்’ என்று ஏஜெண்டு சொன்னால், நியாயம் கேட்டுப் போக நமக்கு எந்த நீதிமன்றமும் இல்லை.

‘பொறுப்போடு ஆடுங்கள்’ என்ற அறிவுரையும் இதனால்தான் இங்கே வெற்றுச் சொல்லாகிறது. சிங்கப்பூரில் ஒருவர் தன்னைத்தானே சூதாட்டத்திலிருந்து விலக்கி வைக்கும்படி பதிந்துகொள்ளலாம், குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம். உரிமம் உள்ள இடத்தில் அதை மதிக்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. கள்ளத் தளத்தில் ‘என் கணக்கை மூடு’ என்று எழுதினால், மறுநாள் காலை ‘ஃப்ரீ கிரெடிட் 30’ என்று செய்திதான் வரும்.

தமிழ்நாட்டின் அனுபவமும் நமக்குப் பாடம். இணையச் சூதாட்டக் கடனால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் அடுத்தடுத்து வந்த பிறகு, 2022இல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். ஆளுநரின் ஒப்புதலுக்காக இழுபறி நடந்து, 2023 ஏப்ரலில் தடைச் சட்டம் வந்தது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடை என்று 2025 பிப்ரவரியில் விதி போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூனில் அதை ஏற்றது. ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டத்தையுமே தடை செய்துவிட்டது. நள்ளிரவு முதல் ஐந்து மணி என்ற அந்த விதியை எழுதியவர்கள் ஆபத்து எங்கே இருக்கிறது என்று அறிந்திருந்தார்கள். தூக்கமில்லாத, தனிமையான, இழந்ததை விடிவதற்குள் பிடித்துவிடத் துடிக்கும் நேரம் அது.

ஆட்டத்துக்குள் நின்றுகொண்டு ஆபத்தைக் குறைக்க முடியாது என்பதே என் முடிவு. குறைக்க முடிந்தது பணம் ஆட்டத்துக்குப் போகும் வழியை மட்டும். அதற்குப் பெரிய மனஉறுதி தேவையில்லை. பகலில், நிதானமாக இருக்கும்போது, பத்து நிமிடம் போதும். வங்கிச் செயலியிலும் மின்பணப்பையிலும் ஒரு நாளைக்கு அனுப்பக்கூடிய தொகையைக் குறைத்து வையுங்கள். சம்பளம் விழும் கணக்கு ஒன்று, கைப்பேசியில் உள்ள கணக்கு வேறொன்று என்று பிரியுங்கள். வாடகையும் வீட்டுச் செலவும் சம்பள நாளன்றே தானாக மனைவி அல்லது அம்மா கணக்குக்குப் போகட்டும். ஊழியர் சேமநிதியில் 2024 மே முதல் நெகிழ்வுக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. 50 வெள்ளி இருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சூதாடும் கைக்கு அது திறந்த பெட்டி. அந்தப் பணத்தை அதே சேமநிதியின் மற்ற கணக்குகளுக்கு மாற்றிவிட முடியும். மாற்றியபின் நெகிழ்வுக் கணக்குக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்த ‘முடியாது’தான் நமக்கு வேண்டியது.

கணக்கை இரவல் கொடுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். ‘உன் ஏடிஎம் அட்டையைக் கொடு, மாதம் முந்நூறு தருகிறேன்’ என்று கேட்பவர் சூதாட்டப் பணத்தையும் மோசடிப் பணத்தையும் உன் பெயரில் ஓடவிடப் போகிறார். 2024இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. போலீஸ் தேடி வருவது அட்டையில் பெயர் உள்ளவரைத்தான்.

கடன் ஏறிவிட்ட வீட்டில் முதலில் செய்யக்கூடாதது, நகையை அடகுக் கடையில் வைத்து மொத்தப் பணத்தையும் அவர் கையில் கொடுப்பது. ‘இந்த ஒரு தடவை அடைத்துவிடுகிறேன்’ என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. சொல்லும்போது அவரும் நம்புகிறார். ஆனால் கையில் பெரிய தொகை கிடைத்தவுடன் அதை இரட்டிப்பாக்கி எல்லாக் கடனையும் அடைத்துவிடலாம் என்ற எண்ணமே அந்த நோயின் இயல்பு. நோய் என்று தெரிந்தே எழுதுகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு இருக்கிறது. லான்செட் ஆணையம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் சுமார் 8 கோடிப் பெரியவர்கள் அந்தக் கோளாறிலோ சிக்கலான சூதாட்டத்திலோ இருக்கிறார்கள். எனவே பணம் கொடுப்பதானால் கடன் கொடுத்தவருக்கு நேரடியாகக் கொடுங்கள். வங்கிக் கடன், கிரெடிட் கார்டு என்றால் பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இலவசமாக உட்கார்ந்து கணக்குப் பார்த்துத் தவணையைச் சீராக்கித் தரும். உரிமம் பெற்று வட்டிக்குக் கடன் கொடுப்பவர், பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. வாரக் கணக்கில் வட்டி கேட்பவன் ஆலோங். வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றிய பிறகு அல்ல, முதல் மிரட்டல் வந்த அன்றே புகார் செய்ய வேண்டும். ஏமாற்றிப் பணம் பறித்துவிட்டார்கள் என்றால் உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

பிள்ளை தூங்காமல் இருந்தால், எரிந்து விழுந்தால், ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வந்தால், பணத்தைப் பற்றிய விசாரணையை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். சுகாதார அமைச்சின் 15555, பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 ஆகிய எண்களை அழைக்கலாம். அரசாங்கக் கிளினிக்கிலிருந்து மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரை வாங்கலாம். கடனை எத்தனை வருடத்திலும் கட்டலாம்.

இளைஞர் மணிமன்றங்களும் கோயில் நிர்வாகங்களும் இதைப் பேச வேண்டும். சூது தீது என்று பிரசங்கம் செய்தால் யாரும் கேட்கப் போவதில்லை. 97 வெள்ளிக் கணக்கை ஒரு கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள், கேட்பார்கள். ஆறாம் ஆண்டு மாணவனுக்கே விழுக்காடு தெரியும். மாநில அரசிடம் நான் கேட்பது ஒன்றுதான். தமிழில் பேசக்கூடிய ஓர் ஆலோசகர் வாரத்தில் ஒரு மாலை ஜாசினிலும் இன்னொரு மாலை அலோர் காஜாவிலும், தொழிற்சாலைப் பேருந்து திரும்பும் நேரத்துக்குப் பிறகு, உட்கார ஏற்பாடு செய்யுங்கள். இரவு ஷிஃப்டு முடித்து வரும் பிள்ளை காலை எட்டு மணிக்கு மலாக்கா நகரம் வரை பேருந்து பிடித்துப் போய்த் தன் கடனைப் பற்றி வேற்று மொழியில் பேச மாட்டான்.